மல மாதிரி எடுப்பது எப்படி: கூச்சமும் குழப்பமும் இல்லாமல், ரிசல்ட் கெடாமல்

ரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டினால் போதும்; மீதியை அடுத்தவர் பார்த்துக்கொள்வார். மலப் பரிசோதனையில் மாதிரி எடுக்கும் டெக்னீஷியனே நீங்கள்தான். அதற்கு உங்களுக்குக் கிடைக்கும் பயிற்சி? ஒரு சின்ன டப்பா, "நாளைக்குக் காலையில மோஷன் எடுத்துட்டு வாங்க" என்று ஒரு வரி. டப்பாவின் வாயோ மூன்று விரல் அகலம். அதில் எப்படிப் பிடிப்பது, எவ்வளவு போடுவது என்று கேட்க வாய் வராது. தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம்.

லேப் மேசையில் பல வருஷம் இந்த டப்பாக்களைத் திறந்து பார்த்தவள் நான். கெட்டுப்போய் வந்த மாதிரிகளுக்குப் பின்னால் நான் கண்டது அலட்சியத்தைவிடக் கூச்சத்தைத்தான். கேட்கக் கூச்சப்பட்டவர் கழிப்பறைத் தண்ணீரிலிருந்து அள்ளிப் போட்டிருப்பார். எல்லோர் முன்னாலும் நீட்டக் கூச்சப்பட்டவர், காலையில் எடுத்ததை மாலை வரை பைக்குள்ளேயே வைத்திருந்து கூட்டம் குறைந்தபின் தருவார். இரண்டுமே ரிசல்ட்டைக் கெடுக்கும். உட்காருபவருக்கு வேலையைச் சுலபமாக்கிக் கொடுத்தால் மாதிரி பாதிக்குமேல் சரியாகிவிடும். இந்த வழிகாட்டி அதற்குத்தான். கடைசிப் பகுதி மட்டும் டப்பாவைக் கொடுக்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு.

## முதலில் எந்த டெஸ்ட் என்று கேளுங்கள்

"மோஷன் டெஸ்ட்" என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே பல டெஸ்டுகள் இருக்கின்றன. ஒன்றுக்குச் சரியாக இருப்பது இன்னொன்றுக்கு ஆகாது. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று டப்பா வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பூச்சி, அமீபா, ஜியார்டியா போன்றவற்றை மைக்ராஸ்கோப்பில் தேடுகிறார்கள் என்றால், பெரும்பாலும் 3 மாதிரி கேட்பார்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள், 10 நாளுக்குள் மூன்றையும் கொடுக்க வேண்டும். "ஒரே நாள்ல மூணு டப்பா நிரப்பிக் கொடுத்துடட்டுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அதில் பயனில்லை. இந்த ஒட்டுண்ணிகள் தினமும் மலத்தில் வெளியேறுவதில்லை. ஒரு நாள் நிறைய வரும், மறுநாள் ஒன்றுமே இருக்காது. அந்த ஏமாற்றுக்காகத்தான் மூன்று நாள்.

கல்ச்சர் என்றால் கிருமியை உயிரோடு வளர்த்துப் பார்ப்பது. ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே மாதிரி எடுத்துவிட வேண்டும். முதல் மாத்திரை உள்ளே போனபின் எடுத்தால், வயிற்றில் கிருமி இருந்தும் தட்டில் வளராமல் போகலாம்.

பெருங்குடல் புற்றுநோய்க்கான முன்னோட்டப் பரிசோதனையில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத் தேடுவார்கள். இதில் இரண்டு வகை. ஃபிட் என்ற புதிய வகை மனித ஹீமோகுளோபினை மட்டும் பிடிக்கும்; சாப்பாட்டில் பத்தியம் தேவையில்லை. குவாயக் அட்டை என்ற பழைய வகைக்குச் சிவப்பு இறைச்சியில் இருக்கும் ரத்தமும் ஒன்றுதான், உங்கள் ரத்தமும் ஒன்றுதான். அதனால் 3 நாள் முன்பிருந்தே இறைச்சியைத் தவிர்க்கச் சொல்வார்கள். வைட்டமின் சி மாத்திரையையும் நிறுத்தச் சொல்வார்கள். அது அட்டையில் நிறம் மாறுவதைத் தடுத்து, இருக்கும் ரத்தத்தை மறைத்துவிடும். இரண்டு வகைக்கும் மாதவிடாய் நாட்களைத் தவிர்த்து, ரத்தப்போக்கு நின்று 3 நாள் கழித்து எடுப்பது நல்லது. மூலத்திலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தள்ளிப்போடுங்கள்.

வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் ஹெச். பைலோரி கிருமியைத் தேடும் ஆன்டிஜன் டெஸ்டில் பலர் வழுக்குவது மருந்தில். ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற அமில மாத்திரைகளை 2 வாரம் முன்பும், ஆன்டிபயாடிக்கையும் பிஸ்மத் மருந்தையும் 4 வாரம் முன்பும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி ஒடுங்கிப்போய், டெஸ்ட் "இல்லை" என்று பொய் சொல்லும். நிறுத்துவதை நீங்களாகச் செய்யாதீர்கள். எழுதிய டாக்டர் சொல்ல வேண்டும். குடல் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் டெஸ்டுக்கு முன்பு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரியான வலி மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். அவை அந்த அளவைத் தாமாகவே உயர்த்தக்கூடும்.

பேரியம் குடித்து எக்ஸ்ரே எடுத்திருந்தாலும், எண்ணெய் வகை மலமிளக்கி எடுத்திருந்தாலும் பூச்சி டெஸ்டை உடனே செய்வதில் அர்த்தமில்லை. மைக்ராஸ்கோப்பில் தெரியும் வட்டம் முழுக்கப் பொடியும் எண்ணெய்த் துளியுமாகத்தான் இருக்கும்.

## முந்தின ராத்திரியே தயார் செய்துகொள்ளுங்கள்

வருகிற அவசரத்தில் கையுறையைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. கழிப்பறையில் ஒரு ஸ்டூலோ அலமாரியோ இருந்தால் அதன்மேல் இவற்றை எடுத்து வைத்துவிடுங்கள்: லேப் கொடுத்த டப்பா, ஒருமுறை போட்டு எறியும் கையுறை, மலத்தைப் பிடிக்க ஒரு அகலமான பாத்திரம் அல்லது பிளாஸ்டிக் ஷீட், டப்பாவைப் போட இரண்டு பிளாஸ்டிக் பை, பழைய பேப்பர், ஒரு பேனா.

லேபிளை இப்போதே எழுதி ஒட்டிவிடுங்கள். பெயர், வயது, தேதி. நேரத்துக்கு மட்டும் இடம் விட்டுவையுங்கள். மூடியில் ஒட்டாமல் டப்பாவின் உடம்பில் ஒட்ட வேண்டும். லேபில் ஒரே நேரத்தில் பத்து மூடி திறந்திருக்கும்போது மூடிமேல் இருக்கும் பெயர் யாருடையது என்று சொல்ல முடியாது. ஈரக் கையோடு எழுதிய மையும் கலைந்துவிடும்.

வீட்டு ஜாம் பாட்டில், பழைய மருந்து டப்பா இவையெல்லாம் வேண்டாம். கழுவியதாக நீங்கள் நினைக்கும் பாட்டிலில் ஒட்டியிருக்கும் சோப்பும் டெட்டாலும் கல்ச்சரைக் கெடுக்கும். மலத்தைப் பிடிக்கும் பாத்திரத்துக்கும் அதே விதிதான்: சுத்தமாக, உலர்ந்ததாக, டிஸ்இன்ஃபெக்டன்ட் வாடையே இல்லாமல் இருக்க வேண்டும்.

எப்போது வரும் என்ற கவலை வேறு. சாப்பிட்டதும் குடல் அசையத் தொடங்குவது உடம்பின் வழக்கம், அதிலும் காலையில் அது வேகமாக இருக்கும். எழுந்ததும் எதையாவது சூடாகக் குடித்து, சாப்பிட்டு, அரைமணி நேரம் அவசரமில்லாமல் இருந்து பாருங்கள். வராவிட்டால் முக்கிக்கொண்டு உட்காராதீர்கள். அன்றைக்கு இல்லை என்றால் மறுநாள். கெட்ட மாதிரியைவிட ஒரு நாள் தாமதமான மாதிரி எவ்வளவோ மேல்.

## பிடிப்பது: யாரும் சொல்லித்தராத பகுதி

அடிப்படை விதி ஒன்றுதான். மலம் தண்ணீரையும் தொடக்கூடாது, சிறுநீரையும் தொடக்கூடாது. கழிப்பறைத் தண்ணீரில் குளோரினும் கிளீனரும் இருக்கலாம். தண்ணீரிலேயே சுதந்திரமாக வாழும் நுண்ணுயிர்கள் மாதிரியில் கலந்தால் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவரையே ஏமாற்றும். சிறுநீர் பட்டால் உயிருள்ள அமீபா செத்துவிடும்.

1. முதலில் சிறுநீர் கழித்து முடித்துவிடுங்கள். ஃப்ளஷ் செய்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

2. உட்காரும் வகைக் கழிப்பறை என்றால் சீட்டைத் தூக்குங்கள். கோப்பையின் விளிம்பில் பின்பக்கமாக, உணவு மூடும் பிளாஸ்டிக் ஷீட்டையோ விரித்துக் கிழித்த பெரிய பாலித்தீன் பையையோ குறுக்காகப் போடுங்கள். இழுத்துக் கட்டாதீர்கள், நடுவில் ஒரு கையளவு தொங்கட்டும், ஆனால் தண்ணீரைத் தொடக்கூடாது. இப்போது சீட்டை இறக்கினால் ஷீட்டை அதுவே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். முன்பக்கம் நாலு விரல் இடைவெளி விட்டிருந்தால், இடையில் சிறுநீர் வந்தாலும் அது தனியாக இறங்கிவிடும். லேபில் தொப்பி வடிவப் பிளாஸ்டிக் ஏந்தி தந்தால் இந்த வித்தையெல்லாம் தேவையில்லை, அதை அப்படியே பொருத்திக்கொள்ளலாம்.

3. குத்தவைத்து உட்காரும் கழிப்பறையில் இது இன்னும் சுலபம். பீங்கானில் தட்டையாக இருக்கும் பகுதியில் பழைய பேப்பரை நாலைந்து மடிப்பாகப் போட்டு, அதன்மேல் பாலித்தீன் விரியுங்கள். அல்லது ஆழம் குறைந்த, தூக்கி எறியக்கூடிய தட்டு ஒன்றை வையுங்கள். முட்டி வலிக்காரர்கள் குனிந்து தேட வேண்டாம். தட்டை எங்கே வைத்தோம் என்று நின்றபடியே பார்த்துவிட்டு உட்காருங்கள்.

4. எதுவுமே கையில் இல்லையா? ஒரு சுத்தமான பிளாஸ்டிக் பையைக் கையில் உறைபோல மாட்டிக்கொண்டு, அடியில் நீட்டிப் பிடிக்கலாம். முதல் தடவை விசித்திரமாக இருக்கும். ஆனால் வேலை நடக்கும்.

5. முடிந்ததும் கழுவிக்கொள்ளும் முன் மாதிரி விழுந்த ஷீட்டையோ தட்டையோ ஓரமாக நகர்த்திவிடுங்கள். கழுவும் தண்ணீர் தெறித்து மாதிரியில் விழுவது அடிக்கடி நடக்கும் தப்பு. டிஷ்யூ பேப்பரும் அதில் விழ வேண்டாம்.

## எந்த இடத்திலிருந்து, எவ்வளவு

டப்பா மூடியிலேயே ஒரு குட்டிக் கரண்டி ஒட்டியிருக்கும். சாதாரண டெஸ்டுக்கு கெட்டி மலம் என்றால் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு, தண்ணீராகப் போனால் ஒன்றிரண்டு மேசைக்கரண்டி. இதற்குமேல் போடுவதால் டெஸ்ட் கூடுதல் துல்லியமாகிவிடாது.

வாய்வரை நிரப்பவே கூடாது. ஒரு தடவை வெயில் காலத்தில், கழுத்துவரை நிரப்பி இறுக்கமாகத் திருகிய டப்பா ஒன்று மேசைக்கு வந்தது. உள்ளே நொதித்து வாயு சேர்ந்திருக்கிறது. மூடியைக் கால் சுற்றுத் திருப்பினேன், 'டப்' என்று ஒரு சத்தம். அதன்பின் நடந்ததை விவரிக்கப் போவதில்லை. அன்றிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குமேல் நிரப்ப வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். திறப்பவர்மேல் இரக்கம் காட்டுங்கள்.

எங்கிருந்து எடுப்பது என்பதும் முக்கியம். ரத்தம், சளி, சீழ் போலத் தெரியும் பகுதி இருந்தால் அருவருத்து ஒதுக்காமல் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். கிருமி அங்கேதான் குவிந்திருக்கும். வித்தியாசமாக எதுவும் தெரியாவிட்டால் இரு முனையிலிருந்தும் நடுவிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

உள்ளே திரவம் ஊற்றிய டப்பா தந்திருந்தால் அதைக் கீழே கொட்டிவிடாதீர்கள். பதப்படுத்தும் மருந்து அது, ஃபார்மலினாகவும் இருக்கலாம். விஷம், குழந்தைகள் எட்டாத இடத்தில் வையுங்கள், தோலில் பட்டால் உடனே கழுவுங்கள். டப்பாவில் ஒரு கோடு போட்டிருக்கும். மலம் போட்டபின் திரவ மட்டம் அந்தக் கோட்டைத் தொட வேண்டும், தாண்டக்கூடாது. பிறகு கரண்டியால் கட்டிகளை நன்றாக உடைத்துக் கலக்குங்கள். கட்டியின் உள்ளே மருந்து போகாவிட்டால் நடுப்பகுதி அழுகிவிடும்.

ஃபிட் குச்சியில் இதற்கு நேர்மாறாகச் சிக்கனம் வேண்டும். மூடியைத் திருகி இழுத்தால் முனையில் மெல்லிய பள்ளங்கள் செதுக்கிய குச்சி வரும். அதை மலத்துக்குள் குத்தி எடுக்கக் கூடாது. மேற்பரப்பில் கோலம் இழுப்பதுபோல் நாலைந்து இடத்தில் இழுக்க வேண்டும். பெருங்குடலில் கசியும் ரத்தம் மலத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டியிருக்கலாம், அதனால்தான் பல இடம். பள்ளங்கள் மூடினால் போதும். குச்சியை 'க்ளிக்' சத்தம் வரும்வரை உள்ளே தள்ளி மூடுங்கள். அதன்பின் திறக்கவே வேண்டாம், இன்னும் கொஞ்சம் சேர்க்கலாமே என்ற ஆசைக்கும் இடம் கொடுக்காதீர்கள். மலம் கூடினால் உள்ளே இருக்கும் திரவத்தோடு அதன் விகிதம் மாறிவிடும்.

## கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது

நேரத்தை இப்போது லேபிளில் எழுதுங்கள். நீங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பிய நேரம் வேண்டாம். மலம் வெளியே வந்த நேரம்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பவர்களை ஒரு நிமிஷம் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்ல ஆசை. சீதபேதிக்காரரின் மலம், இன்னும் சூடு ஆறாமல் வந்தது. ஒரு துளி உப்புநீரில் கலந்து பார்க்கிறோம். கண்ணாடி போன்ற ஒரு சொட்டு, ஒரு பக்கமாக விரல் நீட்டுவதுபோல் பிதுங்கி, தன்னையே அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு நகர்கிறது. அதன் வயிற்றுக்குள் அது விழுங்கிய சிவப்பணுக்கள். பார்த்த மாத்திரத்தில் அமீபா என்று சொல்லிவிடலாம். அதே துளியை ஆறவிட்டு நேரம் கழித்துப் பாருங்கள். அசைவு நின்று, உருண்டு, சாதாரண வெள்ளையணு மாதிரி கிடக்கும்.

அதனால் பதப்படுத்தும் மருந்து இல்லாத டப்பாவில் தண்ணீராகப் போன மலத்தை 30 நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும்; அரைகுறைக் கெட்டி என்றால் ஒரு மணி நேரம். வீட்டிலிருந்து அந்த நேரத்துக்குள் வர முடியாது என்றால் லேபுக்கு வந்தே எடுங்கள், அல்லது பதப்படுத்தும் மருந்துள்ள டப்பா கேளுங்கள். உருவான கெட்டி மலத்தில் பூச்சி முட்டையும், சிஸ்ட் என்ற ஓடு மூடிய ஒட்டுண்ணி வடிவமும்தான் இருக்கும். அவை தாக்குப்பிடிக்கும், அதே நாளில் சேர்த்தால் சரி.

கல்ச்சருக்கு 2 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் ஆகும் என்றால் கிருமியை உயிரோடு காக்கும் கேரி-பிளேர் என்ற ஊடகம் உள்ள டப்பா வேண்டும். ஷிகெல்லா மாதிரியான கிருமி வெளியே வந்தால் சீக்கிரம் செத்துவிடும், மற்ற குடல் கிருமிகள் பெருகி அதை அமுக்கிவிடும்.

ஃபிட்டுக்கு எதிரி வெயில். வண்டிக்குள் ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனால் ஹீமோகுளோபின் சிதைந்து, இருந்த ரத்தம் இல்லாததாகிவிடும். கால்புரோடெக்டின், ஹெச். பைலோரி, சி. டிஃபிசில் (ஆன்டிபயாடிக்குக்குப் பின் பேதி உண்டாக்கும் குடல் கிருமி) மாதிரிகள் தாமதமானால் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில், அதாவது ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம். இரண்டு பைக்குள் போட்டு, வெளியே ஒரு மூடிய டப்பாவில், சாப்பாட்டுச் சாமானிலிருந்து தள்ளி. லேப் சொல்லாமல் ஃப்ரீசரில் வைக்க வேண்டாம். அமீபா பார்க்க வேண்டிய மாதிரிக்கு ஃப்ரிட்ஜும் ஆகாது.

மீதி மலத்தைக் கழிப்பறையில் கொட்டிவிட்டு, ஷீட்டையும் கையுறையையும் பையில் முடிந்து குப்பையில் போடுங்கள். பிளாஸ்டிக்கை ஃப்ளஷ் செய்தால் அடுத்து பிளம்பரைத்தான் கூப்பிட வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சானிடைசரை மட்டும் நம்ப வேண்டாம், சி. டிஃபிசில் வித்துகளை ஆல்கஹால் ஒன்றும் செய்யாது.

## குழந்தை, படுக்கையில் இருப்பவர்

டயப்பர் ஈரத்தை உறிஞ்சவே செய்யப்பட்டது. பேதியாகும் குழந்தையின் டயப்பரைத் திறந்தால் மாதிரி பஞ்சுக்குள் போயிருக்கும், சக்கை மட்டும் மேலே இருக்கும். டயப்பரைத் திருப்பி, வழவழப்பான வெளிப்பக்கம் குழந்தையின் தோலில் படும்படி மாட்டுங்கள். அல்லது உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஷீட் விரியுங்கள். அதுவரைக்கும் குழந்தை பக்கத்திலேயே இருங்கள். பிளாஸ்டிக்கைக் கையில் இழுத்துவிடும், தோலும் சீக்கிரம் சிவந்துவிடும். சிறுநீர் கலப்பதுதான் பெரிய தொல்லை என்றால் ஒட்டும் சிறுநீர்ப் பை கேட்டு வாங்கலாம்.

கீரிப்பூச்சி சந்தேகம் என்றால் மலமே வேண்டாம். பெண் பூச்சி ராத்திரியில் வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும். காலையில் எழுந்ததும், குளிப்பாட்டும் முன், கழுவும் முன், ஒட்டும் டேப்பை அங்கே அழுத்தி எடுத்துக் கண்ணாடித் துண்டில் ஒட்டித் தருவதுதான் சரியான டெஸ்ட்.

படுக்கையில் இருப்பவருக்குப் பெட் பேனின் உள்ளே பிளாஸ்டிக் பை விரித்து வைத்தால் பிறகு எடுப்பது சுலபம். தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கள். மல்லாந்து படுத்தபடி யாராலும் நிம்மதியாகப் போக முடியாது. பேனின் விளிம்பு சில்லென்று இருந்தால் துணியால் துடைத்துச் சூடாக்குங்கள். போர்வையால் மூடிவிட்டு, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வெளியே நில்லுங்கள். பக்கத்திலேயே நின்று "வந்துச்சா, வந்துச்சா" என்றால் வருவதும் நின்றுவிடும்.

## டப்பாவைக் கொடுப்பவர்களுக்கு

"புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் "புரிஞ்சுது" என்றுதான் சொல்வார்கள். "உங்க வீட்ல உட்கார்ற டாய்லெட்டா, குத்தவைக்கிறதா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் பேச்சு தானாகத் திறந்துகொள்ளும். டப்பாவோடு ஒரு ஜோடி கையுறை, ஒரு பிளாஸ்டிக் ஷீட், வெளியே எதுவும் தெரியாத ஒரு கவர், படம் போட்ட ஒரு தாள் சேர்த்துக் கொடுங்கள். "கழிவு", "அது" என்று மழுப்பாமல், மோஷன் என்றோ மலம் என்றோ சொல்லுங்கள். நீங்கள் கூசினால் அவரும் கூசுவார்.

திருப்பித் தரும் இடத்தில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். கூட்டத்தின் நடுவே "மோஷன் சாம்பிள் யாரு?" என்று கூவுவதை நிறுத்துங்கள். ஓரமாக மூடி போட்ட ஒரு பெட்டி, அதன்மேல் "மாதிரிகளை இங்கே வைக்கவும்" என்று ஒரு அட்டை, யாராவது அடிக்கடி வந்து எடுத்தால் போதும். மாதிரியைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால் காரணத்தையும் சொல்லுங்கள்: சிறுநீர் கலந்திருக்கிறது, நேரம் எழுதவில்லை, சி. டிஃபிசில் டெஸ்டுக்குக் கெட்டி மலம் ஆகாது. வெறுமனே "திரும்ப எடுத்துட்டு வாங்க" என்றால் அதே தப்போடு திரும்ப வரும்.

ஒரு பெரியவர் இரண்டு நாள் காலி டப்பாவோடு வந்து, "வரலம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் தடவை எந்த டாய்லெட் என்று கேட்டேன். முட்டி மடங்காது, நாற்காலியில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறார்கள், அடியில் ஒரு பக்கெட் தண்ணீர் இருக்கும், அதிலிருந்து எப்படி எடுப்பது என்று தெரியவில்லை, அதைப் பெண்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். "தண்ணியைக் கொட்டிட்டு, பக்கெட்டுக்குள்ள இந்தப் பையை விரிச்சுடுங்கய்யா" என்று ஒரு பையைக் கொடுத்தேன். மறுநாள் கவருக்குள் டப்பா வந்தது. லேபிளில் பெரிய எழுத்தில், இரண்டு தடவை அழுத்தி எழுதியிருந்தார்: காலை 6.10.